தேதி மட்டும் சொன்னால் போதும்

மூன்றாவது கம்பெனியும் கையை விரித்துவிட்டது. அதையும் முகத்துக்கு நேராகச் செய்யவில்லை. இன்டர்வியூவில் சிரித்துச் சிரித்துப் பேசி, காபி கொடுத்து, "அடுத்த திங்கக்கிழமை ஜாயின் பண்ணிடுங்க மேடம், சும்மா ஒரு வெரிஃபிகேஷன்தான் பாக்கி" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினவர்கள், அந்தத் திங்கட்கிழமை வந்தபோது போனை எடுக்கவேயில்லை. மௌரீன் மூன்று முறை அடித்துப் பார்த்தாள். நாலாவது முறை ஒரு பெண் எடுத்து, "பொசிஷன் ஃபில் ஆகிடுச்சு மேடம்" என்றாள். உனக்கு வேலை இல்லை என்பதைச் சொல்ல எத்தனை மரியாதையான வார்த்தைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மௌரீனுக்கு அலுப்பாக இருந்தது.

மௌரீனுக்கு நாற்பத்தாறு வயது. பீன்யா தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பதின்மூன்று வருஷம் வேலை பார்த்தவள். டெய்லராகச் சேர்ந்து, எழுபது பெண்கள் தைக்கும் ஒரு லைனுக்கு சூப்பர்வைசராக ஆனவள். போன ஆகஸ்டில் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. காகிதத்தையும் பேனாவையும் கம்பெனியே கொடுத்தது. இப்போது ஏப்ரல். இந்த எட்டு மாதத்தில் மூன்று இடத்தில் இன்டர்வியூ, மூன்றிலும் பாஸ். மூன்றிலும் பழைய கம்பெனிக்கு போன் போட்டு விசாரித்ததோடு காரியம் கெட்டுப்போயிற்று.

பிரேசர் டவுன் வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாக ஜெபமாலை சொல்லலாம் என்கிற நிலைமையில் அவள் இல்லை. புருஷன் எரிக்குக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷமாகிறது. ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்குப் போய் நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்துவிட்டு வருகிறார். எல்லாம் தொழிலாளர் காப்பீட்டு ஈ.எஸ்.ஐ. கார்டில், கைக்காசு இல்லாமல் நடக்கிறது. கார்டு மௌரீன் பெயரில் இருக்கிறது. அவள் வேலையை விட்டாலும் ஜூன் முப்பது வரைக்கும் அது செல்லும். அதற்குள் வேறு இடத்தில் சேர்ந்து, செப்டம்பர் முடிவதற்குள் எழுபத்தெட்டு நாள் வேலை பார்த்திருந்தால் கார்டு தொடரும் என்று கவுன்ட்டரில் இருந்தவர் சொல்லியிருந்தார். எழுபத்தெட்டு என்கிற எண்ணை மௌரீன் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். எரிக் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

யார் தன்னைப் பற்றித் தப்பாகச் சொல்கிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பழைய கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் லாயிட்தான். ராஜினாமாவுக்குக் காகிதம் நீட்டின கை அந்தக் கைதான். காலையில் பல் தேய்க்கும்போதே லாயிட்டைத் திட்ட ஆரம்பித்து, சாயங்காலம் விளக்குப் போடுகிறவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருப்பது அவளுக்கு இந்த எட்டு மாதத்தில் பழக்கமாகிவிட்டது.

பீன்யாவில் ஒரு டயர் கடைக்கு மேலே கார்மென்ட்ஸ் பெண்களுக்கான சங்கம் ஒன்று இருந்தது. அங்கே சட்ட விஷயங்களைக் கவனிக்கிறவள் ராதா. வக்கீல், முப்பது வயதுகூட இருக்காது. மௌரீன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ராதா பேனாவை மூடினாள்.

"உங்களப் பத்திப் பொய் சொல்லி வேலையக் கெடுத்திருந்தா நோட்டீஸ் அனுப்பலாம்க்கா. மானநஷ்ட கேஸ்கூடப் போடலாம். ஆனா என்ன சொல்றாங்கன்னு நமக்குத் தெரியணுமே. யாரையாவது புதுக் கம்பெனி ஆளு மாதிரி போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க. என்ன சொல்றாங்களோ அப்படியே எழுதிட்டு வாங்க."

"அது தப்பில்லையாம்மா?"

"தப்புதான். வேற வழி இருந்தா சொல்லுங்க, அதையே பண்ணலாம்."

அந்தச் சனிக்கிழமை மௌரீனின் தங்கை கேரல் வந்தாள். கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்ப் பதினைந்து வருஷமானவள், ஒரு கால் சென்டரில் டீம் லீடர். வீட்டில் ஒரு குரல், ஆபீசுக்கு ஒரு குரல் என்று இரண்டு வைத்திருந்தாள். ஆபீஸ் குரலைத் தொண்டையில் சரிசெய்துகொண்டு, பெயரை டோரதி என்று மாற்றிக்கொண்டு, கம்பெனி நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். மௌரீன் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எரிக் கட்டிலில் சாய்ந்தபடி டிவி சத்தத்தைக் குறைத்தார்.

எடுத்தது லாயிட் இல்லை. ரெமிஜியஸ்.

மௌரீனுக்கு அப்பாடா என்று இருந்தது. ரெமிஜியஸ் டைம் ஆபீஸ் கிளார்க், வேலைக்கு வருவோர் போவோர் கணக்கெல்லாம் அவரிடம்தான். அவள் போகிற அதே கோயில்காரர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிப்பவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். எரிக் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாரா வாரம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றவர். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் பழைய கம்பெனியில் விசாரிக்க ஒரு பெயர் கேட்டபோது, யோசிக்காமல் அவள் எழுதிக் கொடுத்த பெயர் அவருடையதுதான்.

"மௌரீனைப் பத்தியா?" என்றார் ரெமிஜியஸ். "நீங்க தமிழா மேடம்? ரொம்ப நல்லதாப் போச்சு, தமிழ்லயே சொல்றேன். பதிமூணு வருஷத்துல அந்தம்மா மாதிரி ஒரு ஆளை நான் பாத்ததில்ல. நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை."

கேரல் அக்காவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள்.

"ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. இங்க பாத்ரூம் போறதுக்கு டோக்கன் சிஸ்டம். லைனுக்கு ரெண்டே டோக்கன், சூப்பர்வைசர் டேபிள்ல ஆணியில தொங்கும். அது கையில இல்லாம யாரும் எந்திரிக்கக் கூடாது. ஒரு நாள் ஒரு பொம்பளை தாங்க முடியாம மெஷின்ல உக்காந்தபடியே சேலையை நனைச்சுட்டா. அன்னைக்குச் சாயந்திரம் மௌரீன் என்ன பண்ணுச்சு தெரியுமா? ரெண்டு டோக்கனையும் ஹேண்ட்பேக்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுச்சு."

"கம்பெனிப் பொருளை வீட்டுக்கா சார்?" என்றாள் கேரல். ஆபீஸ் குரல் கொஞ்சம் ஆடியது.

"ஆமா மேடம். எம்.டி. கூப்பிட்டுக் கேட்டும் திருப்பித் தரல. இன்னைக்கு வரைக்கும் தரல. அதோட விட்டுச்சா? ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு லெட்டர் எழுதிப் போட்டுச்சு. ஜீப்புல வந்து இறங்குனாங்க. ஒரு மாசம் மேனேஜ்மென்ட் தூங்கல. அப்படி ஒரு தைரியம். உங்க கம்பெனில ஏதாவது தப்பு நடந்துச்சுன்னு வைங்க, ஒரு நாள்கூடப் பொறுத்துக்காது. மொத ஆளா எழுதிப் போடும்."

கேரல் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "மறுபடியும் அவங்கள வேலைக்கு எடுப்பீங்களா சார்?"

"நான் எடுப்பேன் மேடம். கம்பெனி ஜென்மத்துக்கும் எடுக்காது. அதுலயே தெரிஞ்சுக்குங்க அந்தம்மா எப்படிப்பட்டவங்கன்னு."

கேரல் போனை வைத்தாள். முதலில் சிரித்தது எரிக். அப்புறம் கேரல் சிரித்தாள். மௌரீனும் சிரிக்கத்தான் பார்த்தாள், பாதியில் நின்றுபோனது. லாயிட் மேல் எட்டு மாதமாக வளர்த்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது? ரெமிஜியஸ் மேல் கோபப்படவும் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. டோக்கன்கள் வீட்டுப் பீரோவில், கல்யாணச் சேலைக்கு அடியில்தான் இருந்தன. சிவப்புப் பெயின்ட் அடித்த இரண்டு மரத்துண்டு.

ராதாவுக்குப் போன் செய்தாள்.

"ஏதாவது பொய் சொன்னாரா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

"திட்டினாரா?"

"புகழ்ந்தாரு. நோட்டுல ரெண்டு பக்கம் வந்திருக்கு."

அந்தப் பக்கம் ராதா பெருமூச்சு விட்டது கேட்டது. "பொய்யா இருந்தா நோட்டீஸ் அனுப்பலாம்க்கா. புகழ்ச்சிக்கு எந்தச் சட்டத்துல நோட்டீஸ் அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. கம்ப்ளெய்ன்ட் கொடுத்தவளுக்கு வேலை கிடையாதுன்னு எவனும் எழுதித் தர மாட்டான். எழுதிக் கொடுத்தா நாளைக்கே கோர்ட்டுக்கு இழுத்துடுவேன். ஃபில் ஆகிடுச்சும்பான், அவ்வளவுதான்."

மறுநாள் பூசை முடிந்ததும், கோயில் வளாகத்தில் மரத்தடி சிமென்ட் பெஞ்சில் ரெமிஜியஸைப் பிடித்தாள். அவர் இன்னும் வாசகம் வாசித்த களையோடு இருந்தார். என்னென்னவோ பக்குவமாகச் சொல்ல நினைத்து வந்தவள், கடைசியில் சோர்ந்துபோய் உள்ளதை அப்படியே போட்டு உடைத்தாள்.

"நேத்து போன் பண்ண டோரதி எங்க கேரல்தாண்ணா."

ரெமிஜியஸுக்கு முதலில் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. "அப்ப நீயே கேட்டியா? எப்படிச் சொன்னேன்? வர்ற போனையெல்லாம் நான்தான் என் டேபிளுக்கு இழுத்துக்கறேன், தெரியுமா? இல்லன்னா அது லாயிட்டுக்குப் போயிடும்."

"போனா என்னண்ணா சொல்வாரு?"

"அந்த ஆளா? கம்பெனி வக்கீல் சொல்லி வெச்சிருக்காரு. எந்தத் தேதில சேந்தாங்க, எந்தத் தேதில போனாங்க, என்ன வேலை. அவ்வளவுதான் சொல்வான், டப்புனு போனை வெச்சுடுவான். யார் பேர்லயும் அக்கறை கிடையாது அவனுக்கு."

மௌரீன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள். எட்டு மாதமாக யாரைச் சபித்துக்கொண்டிருந்தாளோ, அந்த மனுஷன் கையில் விட்டிருந்தால் முதல் கம்பெனியிலேயே வேலை கிடைத்திருக்கும். ஆண்டவர் சில சமயம் ரொம்பத்தான் விளையாடுகிறார் என்று தோன்றியது. அதை ரெமிஜியஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எரிக்கின் கார்டைப் பற்றிச் சொன்னாள். ஜூன் முப்பதையும் எழுபத்தெட்டு நாளையும் பற்றிச் சொன்னாள். போன மூன்று வேலையும் எந்த இடத்தில் நின்றுபோயின என்று சொன்னாள்.

ரெமிஜியஸ் ரொம்ப நேரம் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்புக்காரர், அந்த உடம்பு அப்படியே ஒடுங்கிப்போனது பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"நான் உனக்கு நல்லதுன்னு நெனச்சேம்மா."

"தெரியும்ணா. இனிமே யார் கேட்டாலும் நீங்க லாயிட் மாதிரி பேசணும். தேதி மட்டும் சொன்னா போதும். எங்க, சொல்லுங்க பாப்போம்."

அவர் தொண்டையைச் செருமினார். "மௌரீன், ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ஜூன்லேருந்து, ரெண்டாயிரத்து இருபத்துநாலு ஆகஸ்ட் வரைக்கும், லைன் சூப்பர்வைசர்." நிறுத்தினார். அதோடு விட முடியவில்லை. "ரொம்ப நல்ல மாதிரி."

"நல்ல மாதிரியும் வேணாம்ணா."

"அதுகூடவா?"

"நல்ல மாதிரின்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா நீங்க ஜீப்பு வரைக்கும் போயிடுவீங்க."

ஐந்து தடவை சொல்லிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை வரைக்கும் டோக்கன் ஏதாவது ஒரு மூலையில் எட்டிப் பார்த்தது. ஐந்தாவது தடவை ரெமிஜியஸ் சரியாகச் சொல்லி முடித்து, தப்பு செய்தவர் மாதிரி கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இது பொய்யில்லயே, மௌரீன்?"

"பொய் இல்லண்ணா. பேசாம இருக்கறது."

"தெரிஞ்ச நல்லதை மறைக்கறதும் ஒரு பாவம்தானே? நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடறேன்."

"சொல்லுங்கண்ணா. ஆனா ஜூனுக்கு அப்புறம் சொல்லுங்க."

மே மாதக் கடைசியில் நாலாவது இன்டர்வியூ வந்தது. தும்கூர் ரோட்டில், பீன்யாவைத் தாண்டி ஒரு புதுக் கார்மென்ட்ஸ். மறுபடியும் சிரிப்பு, காபி, வெரிஃபிகேஷன். இந்தத் தடவை திங்கட்கிழமை சொன்னபடியே வந்தது. கூடவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் வந்தது. எரிக் அதை மூன்று தடவை படித்துவிட்டு காலண்டரின் ஓரத்தில் இருந்த எழுபத்தெட்டைச் சுற்றி வட்டம் போட்டார்.

ஜூன் இரண்டாம் தேதி அவள் கிளம்பும்போது, "ஹேண்ட்பேக்ல டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், குடை எல்லாத்தையும் அடைச்சு எடுத்துட்டுப் போ" என்றார்.

"எதுக்கு?"

"வேற எதுவும் வெக்க இடம் இருக்கக் கூடாது."

மௌரீன் சிரித்துக்கொண்டே போனாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் கூட வந்தது.

புதுக் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர் கோவிந்தராஜன் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசினார். "உங்க பழைய கம்பெனில கேட்டோம் மேடம். ஒரு சார் தேதியை மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாரு. அதான் எங்களுக்கும் வேணும். கதை இருக்கற ஆளுங்கள நாங்க எடுக்கறதில்ல." பிறகு மேஜை டிராயரைத் திறந்து, ஒரு டைரியும் பேனாவும் எடுத்து வைத்தார். அதற்கு மேல், எலாஸ்டிக் நாடாவில் கோத்த இரண்டு டோக்கன்களை வைத்தார்.

மஞ்சள் பிளாஸ்டிக். காலம் மாறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மரம் பிளாஸ்டிக் ஆகியிருந்தது.

"லைனுக்கு ரெண்டு. ஒருத்தருக்கு ஆறு நிமிஷம். நீங்க அனுபவசாலி, உங்களுக்குத் தெரியாததா."

மௌரீன் அவற்றை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது கோபம் இல்லை, வெறும் களைப்பு. வீட்டைக் கழுவித் துடைத்து நிமிர்ந்த நேரத்தில் யாரோ சேற்றுக்காலோடு உள்ளே வந்தால் வருமே, அந்தக் களைப்பு. எழுபத்தெட்டு நாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுபத்தெட்டு நாள் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் எரிக்குக்கு மெஷின் உண்டு. வேண்டுமானால் எழுபத்தொன்பதாவது நாள் யோசிக்கலாம்.

ஒன்பதரையிலிருந்து, மேஜை ஓரத்து ஆணியில் அவள் தொங்கவிட்ட டோக்கன்கள் போவதும் வருவதுமாக இருந்தன. அவள் டைரியில் நேரம் குறித்தாள். பதினோரு மணிக்கு இரண்டு டோக்கனும் வெளியே இருந்தன. காலர் தைக்கிற மூன்றாவது மெஷினில் ரத்தினம்மாள் என்று ஒரு பெண், ஐம்பது தாண்டியவள், பாதி எழுந்து, ஆணியைப் பார்த்து, மறுபடியும் உட்கார்ந்தாள். இரண்டு காலர் தைத்தாள். மறுபடியும் ஆணியைப் பார்த்தாள். கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத முகம் அது. துணியை நகர்த்தும் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

மௌரீன் டைரியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கூரைத் தகட்டைக்கூடக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்க வேறு எதுவும் மிச்சமில்லாதபோது எழுந்து மூன்றாவது மெஷினுக்குப் போனாள்.

"போயிட்டு வாங்கம்மா."

"டோக்கன் வரலியே மேடம்."

"வராட்டி என்ன. நான் இங்க உக்காந்திருக்கேன், நீங்க போங்க."

ரத்தினம்மாள் நம்பாமல் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து, நடையா ஓட்டமா என்று தெரியாத வேகத்தில் போனாள். அந்த இடத்தில் மௌரீன் உட்கார்ந்து, பாதியில் நின்ற காலரைத் தைத்து முடித்தாள். தலையை நிமிர்த்தியபோது லைன் முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள். மௌரீன் தலையை ஆட்டினாள். அப்புறம் இன்னொரு கை உயர்ந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து கோவிந்தராஜன் எழுந்து நின்று பார்ப்பதும் தெரிந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் மாடிப்படிக்கு அடியில் நின்று ரெமிஜியஸுக்குப் போன் செய்தாள். அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"எப்படிம்மா இருக்கு புது இடம்? நான் தேதி மட்டும்தாம்மா சொன்னேன். ஒரு வார்த்தைகூட மேல சொல்லல. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இந்தச் சனிக்கிழமை ஃபாதர்கிட்ட போயிடலாம்னு இருக்கேன்."

"ஃபாதர்கிட்டல்லாம் போக வேணாம்ணா. இனிமே யாராவது போன் பண்ணி என்னைப் பத்திக் கேட்டா, நீங்க முழுசாவே சொல்லிடுங்க. டோக்கன், இன்ஸ்பெக்டர், ஜீப்பு, எல்லாத்தையும்."

ரெமிஜியஸ் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா," என்றார், "வேலையை விட்டுட்டியா?"

மௌரீன் சுவரில் சாய்ந்துகொண்டாள். மேலே லைனுக்குத் திரும்பச் சொல்லி பெல் அடித்தது.

"இல்லண்ணா. இன்னும் எழுபத்தேழரை நாள் இருக்கு."